வாரம் ஒண்ணு போட வேண்டிய வைட்டமின் டி மாத்திரையை அப்பா தினமும் போட்டிருக்கார், கால்சியம் 13.9

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்) | ஞாயிறு இரவு 11.20

ரெண்டு நாளா தூக்கமில்ல. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

அப்பாவுக்கு 68. நெல்லிக்குப்பம் ஆலையில வேலை பாத்து ரிட்டையர் ஆனவர். மூணு மாசம் முன்னாடி முட்டி வலின்னு எலும்பு டாக்டர்கிட்ட போனாரு. ரத்தம் எடுத்துப் பாத்து வைட்டமின் டி 11தான் இருக்குன்னு 60,000 யூனிட் கேப்ஸ்யூல் எழுதிக் குடுத்தாங்க. கூடவே கால்சியம் மாத்திரை. நான் கூடப் போகல. சீட்டுல வாரம் ஒண்ணு, எட்டு வாரம்னு இருக்கு. இது இப்பதான் எனக்கே தெரியும்.

முதல் மாசம் நல்லாத்தான் இருந்தாரு. அப்புறம் சாப்பாடு இறங்கல. அஞ்சு நாள், ஆறு நாள் வெளிக்குப் போகல. ராத்திரி ஆறு தடவை பாத்ரூம், சொம்பு சொம்பா தண்ணி. சர்க்கரைதான் வந்துடுச்சுன்னு நினைச்சு டெஸ்ட் பண்ணோம், நார்மல். போன வியாழக்கிழமை காலையில வாக்கிங் போன மனுஷன் திரும்பல. நாற்பது வருஷமா நடந்த தெரு. புதுப்பாளையம் முக்குல நின்னுக்கிட்டு வீடு எந்தப் பக்கம்னு டீக்கடைக்காரர்கிட்ட கேட்டிருக்காரு. பக்கவாதம்னு பயந்து தூக்கிட்டு ஓடினோம். ஸ்கேன்ல ஒண்ணுமில்ல.

டியூட்டியில இருந்த சின்ன வயசு லேடி டாக்டர்தான், "இவர் வீட்டுல போடற மாத்திரை எல்லாத்தையும் அப்படியே எடுத்துட்டு வாங்க, பேர் சொல்ல வேண்டாம், பையோட வேணும்"னாங்க. மஞ்சப்பையைக் கொட்டினா ஒரே மாத்திரை, 11 காலி அட்டை. ஒரு அட்டையில 8. வாரம் ஒண்ணு போட வேண்டியதை 88 நாளா தினம் ஒண்ணு போட்டிருக்காரு. சீட்டே தேவைப்படல, காலி அட்டையைக் காட்டிக் காட்டி வாங்கியாந்திருக்காரு.

கால்சியம் 13.9, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினினும் ஏறி 2.6. வைட்டமின் டி "150க்கு மேல்"னு மட்டும் வந்திருக்கு, மெஷின் அதுக்கு மேல எண்ணாதாம்.

எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு. இது சரியாக எத்தனை நாள் ஆகும்? வைட்டமின் போய் கிட்னியை எப்படிக் கெடுக்கும்? விஷம் இல்லையே, சத்துதானே?

--

ஓய்வுபெற்ற செவிலி (கோரிமேடு, புதுச்சேரி) | ஞாயிறு இரவு 11.52

தம்பி, முதல்ல ஒரு வாய் ஏதாவது சாப்பிடுங்க. அந்த டாக்டர் பையைக் கேட்டதே பாதி வைத்தியம். 34 வருஷம் வார்டுல இருந்தவ சொல்றேன், வயசானவங்க குழம்பிப் போய் வந்தா நூத்துல பாதி விஷயம் அந்தப் பைக்குள்ளதான் இருக்கும்.

ரத்தத்துல கால்சியம் 8.5லிருந்து 10.5 வரைக்கும் இருக்கணும். வைட்டமின் டி செய்யற வேலை குடல்லேர்ந்து கால்சியத்தை இழுத்து ரத்தத்துல விடறது. அளவு மீறினா எலும்பிலேர்ந்தும் உருவிக்கொண்டு வந்து விடும். ரத்தத்துல கால்சியம் ஏறினதும் சிறுநீரகத்துக்குத் தண்ணியைப் பிடிச்சு வைக்கத் தெரியாமப் போயிடும். அதனாலதான் அப்பா ராத்திரி ஆறு தடவை எழுந்தாரு, அந்தத் தாகமும் அதனாலதான். தண்ணி போகப் போக உடம்பு வத்தும், வத்த வத்த ரத்தத்துல கால்சியம் இன்னும் கெட்டிப்படும், சிறுநீரகம் இன்னும் சுணங்கும். செக்குமாடு மாதிரி ஒரே வட்டம். மலச்சிக்கல், வாந்தி, குழப்பம் எல்லாம் அதே கால்சியத்தோட வேலை.

முதல்ல சலைன் ஏத்தித்தான் அந்த வட்டத்தை உடைப்பாங்க. தேவைப்பட்டா ஸ்டீராய்டு, எலும்பைப் பிடிச்சு வைக்க ஒரு ஊசி. கால்சியம் சில நாள்ல இறங்க ஆரம்பிக்கும். ஆனா வைட்டமின் டி கொழுப்புல போய்ப் பதுங்கற சரக்கு, கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சிக்கிட்டே இருக்கும். முழுசா வெளியேற வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு. அதனால வீட்டுக்கு அனுப்பின பிறகும் ரத்தம் எடுக்கக் கூப்பிடுவாங்க. "நல்லாத்தானே இருக்காரு"ன்னு போகாம இருந்துடாதீங்க.

நாளைக்குக் காலையில ரவுண்ட்ஸ்ல மூணு விஷயம் கேளுங்க. அந்தக் கால்சியம் மாத்திரையை நிறுத்தியாச்சா? பிபிக்கு ஏதாவது போடறாரா, அதுல நீர் பிரிக்கற மருந்து கலந்திருக்கா? தையசைடு வகைன்னு சொல்லுவாங்க, அது சிறுநீர்ல போக வேண்டிய கால்சியத்தைத் திருப்பி ரத்தத்துக்கே அனுப்பற மருந்து. இதயத்துக்கு டிகாக்சின் போடறாரா? போட்டா உடனே சொல்லணும், கால்சியம் கூடுதலா இருக்கும்போது அது ஆபத்து.

--

கெடிலக்கரை | ஞாயிறு இரவு 11.58

பிபி மாத்திரை போடறாரு அம்மா. அட்டையில ரெண்டு பேரு இருக்கு, ரெண்டாவது "...தையசைடு"ன்னுதான் முடியுது. இப்பவே நர்ஸ்கிட்ட காட்டறேன்.

--

லாஸ்பேட்டை பளு (புதுச்சேரி) | திங்கள் காலை 6.40

வருத்தமாத்தான் இருக்கு அண்ணே. அப்பா சீக்கிரம் எழுந்து வரட்டும். ஆனா இதை வெச்சு வைட்டமினே கெட்டதுன்னு பயமுறுத்தாதீங்க. நான் அஞ்சு வருஷமா ஜிம் போறேன். வைட்டமின் சி 2 கிராம், ஜிங்க் 50, மல்டிவைட்டமின், பி காம்ப்ளெக்ஸ், ஒமேகா எல்லாம் தினமும். ஒரு சளி பிடிச்சதில்ல. உடம்புக்கு வேண்டியதை எடுத்துக்கும், மிஞ்சினது மூத்திரத்துல மஞ்சளாப் போயிடும். இது எட்டாவது படிக்கற பையனுக்கே தெரியும்.

--

மாத்திரைக்கடை (வில்லியனூர் ரோடு) | திங்கள் காலை 7.15

எட்டாவது பாடத்துல அடுத்த வரியும் இருந்திருக்கும் தம்பி. தண்ணியில கரையறது பி, சி. கொழுப்புல கரையறது ஏ, டி, ஈ, கே. மூத்திரத்துல மஞ்சளாப் போறது பி2, அது ஒண்ணைப் பாத்துட்டு எல்லாமே போயிடுதுன்னு முடிவு பண்ணக் கூடாது.

22 வருஷமா மெடிக்கல் வெச்சிருக்கேன். கேஸ் எழுதினவரு சொன்ன மாதிரி காலி அட்டையோட வர்றவங்கதான் பாதிப் பேரு. நானும் குடுத்திருக்கேன், மறைக்கல. இந்த 60,000க்குக் கணக்கு ஒண்ணு சொல்றேன். நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐசிஎம்ஆர் 2020ல ஒரு நாளைக்குப் போதும்னு சொன்ன அளவு 600 யூனிட். அப்ப ஒரு கேப்ஸ்யூல்ல நூறு நாள் தேவை இருக்கு. டாக்டர் கண்காணிப்பு இல்லாம தினமும் போகக் கூடாத உச்ச வரம்பு 4,000. இவங்க அப்பா 88 போட்டதுல மொத்தம் 52 லட்சத்து 80 ஆயிரம் யூனிட். டாக்டர் எழுதினது 4 லட்சத்து 80 ஆயிரம்.

இன்னொரு வேடிக்கை. அந்த 60,000 யூனிட்டை எடை போட்டா ஒன்றரை மில்லிகிராம்தான். எண்ணெய்தான் மிச்சம். யூனிட் கணக்கு தெரியாதவங்க 500 மில்லிகிராம் பாராசிட்டமால் பக்கத்துல இதை வெச்சுப் பாத்தா சின்ன மருந்துன்னுதான் நினைப்பாங்க.

கெடிலக்கரை சார், அப்பா வீட்டுல அந்தப் பழைய மருந்து கவர் இருந்தா தேடிப் பாருங்க. அட்டை இல்ல, பேப்பர் கவர். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்.

--

வாணி அரியாங்குப்பம் | திங்கள் காலை 9.05

என் கதை வேற. கொழுப்புல கரையறதும் இல்ல, உடம்பைக் கெடுக்கவும் இல்ல, ஆனா என்னை நோயாளி ஆக்கிடுச்சு.

குழந்தை பிறந்து நாலாம் மாசம் முடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு. தங்கச்சி ஆன்லைன்ல பயோட்டின் மாத்திரை வாங்கிக் குடுத்தா, 10,000 மைக்ரோகிராம். பேரைப் பாத்து நானும் சத்து ஜாஸ்தின்னு சந்தோஷப்பட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு படபடப்பா இருக்குன்னு தைராய்டு பாத்தா டிஎஸ்எச் அடிமட்டத்துல, டி4 ஏகத்துக்கும். தைராய்டு அதிகமா சுரக்குதுன்னு மாத்திரை ஆரம்பிக்கற நேரம். பால் குடுக்கற பிள்ளை கையில, அழுதுட்டே இருந்தேன். புதுச்சேரியில இன்னொரு டாக்டர்கிட்ட காட்டினப்ப அவர் ரிப்போர்ட்டைக்கூடப் பாக்கல, முடிக்கு ஏதாவது போடறியாம்மான்னு கேட்டாரு. பத்து நாள் நிறுத்திட்டு மறுபடி எடுத்தா எல்லாம் நார்மல்.

அந்த டெஸ்ட் கிட்டுலயே பயோட்டினை ஒட்டு மாதிரி உபயோகிக்கறாங்களாம். ரத்தத்துல நம்ம மாத்திரை பயோட்டின் நிறைய மிதந்தா கணக்கு தப்பாகிடும். எல்லாக் கிட்டும் அப்படி இல்ல, ஆனா நம்ம லேப்ல எது வெச்சிருக்காங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு 30, 40 மைக்ரோகிராம் இருந்தா போதுமாம். நான் போட்டது பத்தாயிரம்!

--

ஓய்வுபெற்ற செவிலி | திங்கள் காலை 9.30

வாணி சொன்னதை எல்லாரும் குறிச்சு வெச்சுக்கணும். 2017ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு. தைராய்டு மட்டுமில்ல, மாரடைப்பைக் கண்டுபிடிக்கற ட்ரோபோனின் டெஸ்ட்டையும் இது பொய்யாக் குறைச்சுக் காட்டும். அப்படிக் குறைவாக் காட்டி ஒருத்தர் இறந்ததா அவங்களே அதுல சொல்லியிருந்தாங்க. ரத்தம் எடுக்கறதுக்கு ரெண்டு நாளாவது முன்னாடி நிறுத்தணும், லேப்லயும் சொல்லணும். நெஞ்சு வலின்னு ஓடினா "முடி மாத்திரை போடறேன்"னு சொல்ல யாருக்குத் தோணும்?

வாணி, பிரசவத்துக்கு அப்புறம் நாலாம் மாசம் முடி கொட்டறது பெரும்பாலும் தானா நின்னுடும் கண்ணு.

--

மூணு மாத்திரை (நெய்வேலி, இப்போ முதலியார்பேட்டை) | திங்கள் மதியம் 1.10

ஜிம் தம்பிக்கு: பி வைட்டமினும் மூத்திரத்துலதான் போகுமா? எனக்குப் போகல.

சர்க்கரை 12 வருஷமா. பாதம் மதமதன்னு இருக்குன்னு ஒருத்தர் நரம்பு மாத்திரை குடுத்தாரு. கைவிரல் எரிச்சல்னு வேறொருத்தர் வேறொண்ணு. சோர்வுக்கு நானா ஒரு பி காம்ப்ளெக்ஸ். ஒன்றரை வருஷம் மூணும் ஒண்ணா ஓடுச்சு. மதமதப்பு குறையறதுக்குப் பதிலா முழங்கால் வரைக்கும் ஏறிச்சு. கண்ணை மூடி முகம் கழுவினா சாஞ்சிடுவேன். செருப்பு காலை விட்டுக் கழண்டு விழுந்தது தெரியாம நெல்லித்தோப்பு சிக்னல் வரைக்கும் ஒத்தைச் செருப்போட வந்தவன் நான். எல்லாரும் சர்க்கரைதான்னாங்க.

நரம்பு டாக்டர் ஒருத்தர் மூணு அட்டையையும் திருப்பி வெச்சு பேனாவால வட்டம் போட்டாரு. பிரிடாக்சின் ஒண்ணுல 100, ஒண்ணுல 10, ஒண்ணுல 3. பி6தான் பிரிடாக்சின். ஒரு நாளைக்கு உடம்பு கேக்கறது 2 மில்லிகிராம் சுத்தி. நான் 113 போட்டுட்டு இருந்தேன். நரம்புக்குன்னு போட்ட மாத்திரையே நரம்பைத் தின்னிருக்கு. 1983லயே அமெரிக்காவுல கிராம் கணக்குல பி6 போட்ட ஏழு பேரு நடக்க முடியாமப் போனதை எழுதியிருக்காங்களாம். அப்புறம் அதைவிடக் குறைஞ்ச அளவுலயும் வருதுன்னு தெரிஞ்சிருக்கு. அமெரிக்கா வரம்பு 100ன்னு வெச்சிருக்கு, ஐரோப்பாவுல 2023ல 12க்கு இறக்கிட்டாங்க. இடைவெளியைப் பாருங்க!

நிறுத்தி ஏழு மாசம் ஆச்சு. முழங்கால்லேர்ந்து கணுக்கால் வரைக்கும் இறங்கியிருக்கு. மிச்சம் சர்க்கரையோடதா இதோடதான்னு டாக்டருக்கே சொல்ல முடியல. பி12 மட்டும் போடறேன். மெட்ஃபார்மின் போடறவங்களுக்கு அது குறையும், எனக்கு டெஸ்ட்லயும் குறைவாத்தான் இருந்துச்சு.

--

லாஸ்பேட்டை பளு | திங்கள் மாலை 4.45

சரி, பி6 ஒத்துக்கறேன். ஆனா வைட்டமின் சி? ரெண்டு நோபல் பரிசு வாங்கின லைனஸ் பாலிங்கே கிராம் கணக்குல போடச் சொன்னவர். 93 வயசு வரைக்கும் வாழ்ந்தவர். அவரைவிட நம்ம மெடிக்கல் அண்ணனுக்குத் தெரியுமா?

--

முதுநகர் வாத்தியார் | திங்கள் மாலை 6.20

மருந்துக்கடைக்காரருக்காக நான் வாதாட வரவில்லை. பாலிங் பெயர் வந்ததால் எழுதுகிறேன், 31 ஆண்டு வேதியியல் கற்பித்தவன்.

அவர் 1954இல் வாங்கிய பரிசு வேதிப்பிணைப்புக்கு. 1962இல் கிடைத்தது அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்ததற்காக, அமைதிப் பரிசு. இரண்டுமே சளிக்கு அல்ல. 1970இல் சளிக்கு வைட்டமின் சி என்று ஒரு புத்தகம் போட்டார், உலகம் முழுக்க மருந்துக்கடைகளில் சி காலியானது. பிறகு பல ஆயிரம் பேரிடம் சோதித்ததில், தினமும் சாப்பிட்டால் சாதாரண மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி ஏறத்தாழ 8 சதவீதம் சீக்கிரம் விட்டது. ஏழு நாள் சளியில் அரை நாள். நெல்லிக்காய் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் அரை நாளுக்கு எவ்வளவு செலவிடலாம் என்பது அவரவர் பாடு. அவர் 93 வரை வாழ்ந்தது உண்மை. என் பாட்டி வெற்றிலை பாக்கு புகையிலையோடு 94.

சி அதிகமானால் அதில் ஒரு பகுதி உடலில் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் இறங்கும். கால்சியத்தோடு சேர்ந்தால் கல். சுவீடனில் 23,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பதினொரு ஆண்டு பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். தனி வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மல்டிவைட்டமின் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மே மாதத்தில் நம்மூர் வியர்வையோடு ஜிம்முக்கும் போகிற ஒருவர் அந்த 2 கிராமையும் விழுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளட்டும்.

கேட்காத ஒரு கதை: 1597இல் வடதுருவப் பக்கம் பனியில் சிக்கிய டச்சு மாலுமிகள் பசிக்குக் கரடி ஈரலைத் தின்றார்கள். மூவருக்குத் தலை முதல் கால் வரை தோல் உரிந்தது. பனிக்கரடி ஈரலில் அவ்வளவு வைட்டமின் ஏ. வைட்டமின் என்ற சொல் பிறக்கவே இன்னும் முந்நூறு ஆண்டு இருந்தது. அந்த ஊர்ப் பழங்குடிகள் அந்த ஈரலைத் தொடுவதில்லை.

--

மாத்திரைக்கடை | திங்கள் இரவு 8.10

வாத்தியாரே, வாதாட வராட்டியும் நன்றி. பளு தம்பி, உன் ஜிங்க் 50 பத்தி யாரும் பேசல. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மேல் வரம்பு 40 மில்லிகிராம். 2021 மே மாசம் சி, ஜிங்க், டி மூணும் எங்க கடையில காலை பத்து மணிக்குள்ள தீந்துடும். கொரோனா போச்சு, சில பேருக்கு அந்த ஜிங்க் மட்டும் போகல. மாசக்கணக்கா நிறையப் போட்டா உடம்புல செம்பு குறையும், செம்பு குறைஞ்சா ரத்தசோகை, அதோட நரம்பும் கெடும். இரும்பு மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகையா இருக்கலாம்.

--

துறைமுகம் 64 (கடலூர் முதுநகர்) | திங்கள் இரவு 9.00

எங்கப்பாரு கட்டுமரத்துலயே கிடந்தவரு. அவருக்கு இந்த டி குறைவுன்னு எவனும் சொன்னதில்ல. இவ்ளோ வெயில் அடிக்கற ஊர்ல எல்லாருக்கும் டி குறைவுன்னா அது மாத்திரை கம்பெனிக்காரன் கட்டின கதைதானே? எலும்பு டாக்டர், லேப், மெடிக்கல் மூணு பேரும் கமிஷன். கெடிலக்கரை, அந்த டாக்டர் பேரைப் போடுங்க, எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்.

--

நிர்வாகி | திங்கள் இரவு 9.12

டாக்டர், கடை, கம்பெனி, ஆஸ்பத்திரி பேர் எதையும் இங்கே போட வேண்டாம். போட்டால் பதிவு நீக்கப்படும். மேலே இரண்டு பதிவுகளில் மாத்திரை பிராண்ட் பெயரை எடுத்திருக்கிறேன்.

--

கெடிலக்கரை | திங்கள் இரவு 9.40

அண்ணே, டாக்டர் மேல எனக்குக் கோவம் இல்ல. சீட்டுல சரியாத்தான் எழுதியிருக்காரு. 11 இருந்தவருக்கு மருந்து தேவைதானே.

இன்னைக்கு நிலவரம்: கால்சியம் 12.8. பிபி மாத்திரையை மாத்திட்டாங்க. மத்தியானம் என்னைப் பாத்து அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. நேத்து யாரையும் கூப்பிடல, அதனால இதையே முன்னேற்றம்னு வெச்சுக்கறேன்.

--

ஓய்வுபெற்ற செவிலி | செவ்வாய் காலை 5.50

12.8 நல்ல செய்தி தம்பி.

துறைமுகம் அண்ணனுக்கு. உங்கப்பாவுக்குக் குறைவு இல்லாததே பதில். உச்சி வெயில்ல வெத்து முதுகோட இருந்தவரு அவரு. இங்க பீச் ரோட்டுல காலை ஆறு மணிக்கு முழுக்கை சட்டையோட நடக்கறாங்களே, அந்த வெயில்ல டியே கிடையாது. அதுக்கு வேண்டிய புறஊதாக் கதிர் சூரியன் மேலே ஏறினாத்தான் தரைக்கு வரும். நம்ம நிழல் நம்ம உயரத்தைவிடக் குட்டையா விழற நேரம்னு வெச்சுக்கலாம். கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயிலும் உதவாது. அதனால குறைவு நிஜம்தான்.

ஆனா வெயில்ல ஒரு அழகு. எவ்வளவு நேரம் நின்னாலும் டி விஷமா மாறாது. தோல் தனக்கு வேண்டியது போக மிச்சத்தை வேலைக்கு ஆகாத பொருளா அங்கேயே மாத்திடும். அந்தக் காவல் வாய் வழியா வர்ற மாத்திரைக்குக் கிடையாது.

கமிஷன் கதைக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், தேவையில்லாத டெஸ்ட் நிறைய நடக்குது. 2024ல அமெரிக்க ஹார்மோன் மருத்துவர் சங்கமே, ஆரோக்கியமா இருக்கறவங்களுக்குச் சும்மா டி அளவு பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு. ஒரே ஊசியில லட்சக்கணக்குல போட்டுக்கற பழக்கமும் இங்க இருக்கு. ஆஸ்திரேலியாவுல 70 வயசு தாண்டின 2,256 பெண்களை ரெண்டு பங்காப் பிரிச்சு, ஒரு பங்குக்கு வருஷம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் குடுத்துப் பாத்தாங்க, எலும்பு முறிவு குறையும்னு. அவங்களுக்குத்தான் முறிவு 26 சதவீதம் கூடிச்சு. கீழே விழறதும் கூடிச்சு. 2010ல வந்த ஆய்வு அது.

--

பாகூர் மருமகள் | செவ்வாய் காலை 10.25

ஒரு சந்தேகம் அக்கா. எனக்கு ரெண்டாம் மாசம். மாமியார் வெளிநாட்டுலேர்ந்து வந்த மீன் ஈரல் எண்ணெய் கேப்ஸ்யூல் தினம் ரெண்டு குடுக்கறாங்க, கூடவே வாரத்துல மூணு நாள் ஆட்டு ஈரல். பிள்ளைக்குக் கண்ணு நல்லா இருக்குமாம். வேணாம்னு சொன்னா கோச்சுக்குவாங்க. இரும்புச்சத்து, ஃபோலிக் மாத்திரையும் போடறேன். எல்லாத்தையும் நிறுத்தணுமா?

--

ஓய்வுபெற்ற செவிலி | செவ்வாய் காலை 10.40

இரும்பையும் ஃபோலிக்கையும் நிறுத்தவே கூடாது! அது எழுதிக் குடுத்த மருந்து, எழுதின அளவுல போடு.

ஈரலும் ஈரல் எண்ணெயும்தான் விஷயம். அதுல இருக்கற வைட்டமின் ஏ ரெட்டினால் வகை. முதல் மூணு மாசத்துல தினம் 10,000 யூனிட்டுக்கு மேல போனா பிள்ளைக்கு உறுப்புக் குறை வர வாய்ப்பு கூடுதுன்னு 1995லேயே எழுதியிருக்காங்க. பிரிட்டன்ல கர்ப்பிணிக்கு ஈரலே வேண்டாம்னு சொல்லிடறாங்க. எண்ணெய் டப்பாவை அடுத்த செக்கப்புக்கு எடுத்துட்டுப் போ, டாக்டரே மாமியார்கிட்ட சொல்லட்டும். அதுவரைக்கும் ரெண்டையும் தள்ளி வை. முருங்கைக்கீரை, கேரட், பப்பாளிப் பழத்துல இருக்கறது கரோட்டின், உடம்பு வேண்டிய அளவுதான் ஏவா மாத்திக்கும். பப்பாளிக்கு மாமியார் ஒத்துக்க மாட்டாங்க, அதை விட்டுடு, கீரை போதும்.

பயப்படாத, இதுவரைக்கும் சாப்பிட்டதுக்கே ஏதோ ஆயிடும்னு நினைச்சு ராத்திரி முழிச்சுக்கிட்டு இருக்காதே. காட்டிட்டு வா, அவ்வளவுதான்.

--

முதுநகர் வாத்தியார் | செவ்வாய் காலை 11.30

கரோட்டின் என்றதும் ஓர் ஒட்டு. உணவில் நல்லது என்று அதையே மாத்திரை ஆக்கினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள், நுரையீரல் புற்று குறையும் என்று. 1994இல் முடிவு வந்தது: கொடுத்தவர்களுக்கு 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு ஆய்வை 1996இல் பாதியில் நிறுத்தினார்கள். என் மைத்துனர் ஒரு கையில் சிகரெட்டும் மறு கையில் "ஆன்டிஆக்சிடன்ட்" டப்பாவுமாக இருப்பவர். மூன்று முறை சொல்லியாயிற்று. சிகரெட்டை விடச் சொல்கிறேன் என்று எண்ணிக் காதில் வாங்க மாட்டேன் என்கிறார்.

--

லாஸ்பேட்டை பளு | புதன் இரவு 10.05

சும்மா சொல்லிட்டுப் போறேன். இன்னைக்கு என் டப்பா எல்லாத்தையும் திருப்பிப் பாத்தேன். மல்டிவைட்டமின்ல ஜிங்க் தனியா இருக்கு, ப்ரீ ஒர்க்அவுட் பொடியில பி6 தனியா இருக்கு, இவ்வளவு நாளா பாத்ததே இல்ல. ஜிங்கை நிறுத்தியாச்சு. சி 500 ஆக்கிட்டேன். மிச்சத்தைக் கூட்டிப் பாத்துட்டு வரேன். பாலிங்கைப் பத்தி வாத்தியார் சொன்னது மட்டும் கொஞ்சம் ஓவர்.

--

கெடிலக்கரை | சனி மாலை 5.30

வீட்டுக்கு வந்தாச்சு. கால்சியம் 10.9, கிரியேட்டினின் 1.7. கிட்னி எவ்வளவு தூரம் திரும்பும்னு ஒரு மாசம் கழிச்சுத்தான் சொல்ல முடியுமாம். வாரா வாரம் ரத்தம் எடுக்கணும். கால்சியம் மாத்திரை, சத்து பானப் பொடி எல்லாம் கட். குழப்பம் தெளிஞ்சிடுச்சு, நியூஸ் பேப்பர்ல தப்பு கண்டுபிடிக்க ஆரம்பிச்சுட்டாரு.

மெடிக்கல் அண்ணே, கவரைக் கண்டுபிடிச்சேன். டிவி மேசை டிராயர்ல மடிச்சு வெச்சிருந்தாரு. அதுல காலைக்கு ஒரு சூரியன், மதியத்துக்குப் பாதிச் சூரியன், ராத்திரிக்கு நிலா படம் போட்டிருக்கும் இல்ல, அந்தக் கவர். சூரியனுக்குக் கீழ 1னு எழுதி டிக். வேற ஒரு எழுத்து இல்ல.

அப்பாகிட்ட கேட்டேன், டாக்டர் வாரம்னு சொல்லலையான்னு. "சொன்னாரு. வெளியில வந்தா ஞாபகம் இல்ல, கவரைப் பாத்தேன். சூரியன் போட்டிருந்துச்சு. சூரியன் தினமும்தானே வருது?"ங்கறாரு.

--

மாத்திரைக்கடை | சனி மாலை 6.02

இதைத்தான் பயந்தேன். அதே கவர் என் கடையிலயும் ரெண்டாயிரம் அடிச்சு வெச்சிருக்கேன். வாரத்துக்குன்னு அதுல கட்டமே கிடையாது. இந்த வாரத்துலேர்ந்து 60,000 வாங்க வர்றவங்களுக்குக் கவர்லயே போடறதில்ல. அட்டையோட முதுகுல ஒவ்வொரு குமிழுக்கும் நேரா மார்க்கர்ல தேதி எழுதிக் குடுக்கறேன், எட்டு ஞாயித்துக்கிழமை. நாலு நிமிஷம் ஆகுது, பின்னாடி நிக்கறவங்க திட்டறாங்க.

--

கெடிலக்கரை | சனி இரவு 7.15

செவிலி அம்மா, கடைசியா ஒண்ணு. அப்பா மீன் கேக்கறாரு. மீன்ல டி இருக்குன்னு அம்மா பயந்துக்கிட்டு ஒரு வாரமா ரசம்தான். சங்கரா வாங்கட்டுமா?

--

ஓய்வுபெற்ற செவிலி | சனி இரவு 7.31

ரெண்டு துண்டு சங்கராவுல என்ன பெரிசா இருந்துடப் போகுது. மத்தி, கவலை, மீன் முட்டை, நெத்திலிக் கருவாடு மட்டும் டாக்டர் சொல்ற வரைக்கும் வேண்டாம். கிரியேட்டினின் 1.7ங்கறதால குழம்புல உப்பு, புளி எவ்வளவுன்னு அடுத்த தடவை போறப்ப கேட்டுக்குங்க. இன்னைக்கு ரெண்டு துண்டு, குழம்பு கம்மியா ஊத்துங்க.